வெளிநாட்டு நம்பர் பிளேட், வேறு நாட்டு வீதி: சொந்தக் காரா, தம்பியின் காரா, வாடகைக் காரா?

மாமாங்கத் தீர்த்தம் முடிந்த அன்று பின்னேரம், மட்டக்களப்பு கல்லடி வீட்டு விறாந்தையில் எல்லோரும் கால் நீட்டி இருந்தபோதுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. அக்கா குடும்பம் சுவிஸில், பாசலில். தம்பி ஜேர்மனியில், ஃபிரைபேர்க்கில். மாமா மகன் லண்டனில். அடுத்த கோடை விடுமுறைக்கு மூன்று குடும்பமும் சேர்ந்து பிரான்ஸ், ஜேர்மனி, லண்டன் என்று ஒரு சுற்றுப் போவதாகத் திட்டம். யாருடைய காரில் போவது, யார் ஓட்டுவது, வாடகைக்கு எடுப்பதா என்று ஆளுக்கொரு கதை. அதற்குள் அத்தான் இன்னொன்றையும் போட்டார்: "என்ர காரையே ஒருக்கா இங்க கொண்டு வந்தா என்ன?"

எனக்கு டவுனில் சிறிய கடை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்துக் கொடுப்பது, காப்புறுதி எடுத்துக் கொடுப்பது, பெயர் மாற்றும் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பது, இதுதான் இருபது வருடத் தொழில். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டே அந்த நாடுகளின் விதிகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தம்பிக்கு நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இன்னும் கவனமாகப் படித்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. காப்புறுதி பெரும்பாலும் வண்டியோடு போகும், வரி ஆளோடு போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். நம் ஆட்கள் அநேகமானோர் "வண்டிக்கு புல் இன்சூரன்ஸ் இருக்குத்தானே, யார் ஓட்டினால் என்ன" என்று நினைக்கிறார்கள். விபத்து என்று வந்தால் அது ஓரளவுக்குச் சரி. ஆனால் சுங்க அதிகாரி கேட்பது காப்புறுதி அட்டையை அல்ல. ஓட்டுகிறவர் எந்த நாட்டில் குடியிருக்கிறார், வண்டி எந்த நாட்டில் பதிவு, வண்டிக்குச் சொந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார், இந்த மூன்றையும்தான் கேட்பார்.

சொந்தக் காரில் எல்லை தாண்டுவது

இதுதான் இருப்பதில் சுத்தமான வழி. அக்கா தன் பெயரில் உள்ள சுவிஸ் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போனால் வரிப் பிரச்சினை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் (சுவிஸும் வெளியேதான்) தன் சொந்த வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்து ஆறு மாதம் வரை வரி இல்லாமல் ஓட்டலாம். எல்லையில் படிவம் நிரப்பத் தேவையில்லை, ஓட்டிக்கொண்டு போவதே அறிவிப்பு மாதிரி. லண்டனுக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்: வருகையாளராக இருக்கவேண்டும், வண்டி சொந்த நாட்டில் பதிவும் வரியும் நடப்பில் இருக்கவேண்டும், 12 மாதத்துக்குள் மொத்தம் 6 மாதத்தைத் தாண்டக்கூடாது. மூன்று தடவையாகப் போனாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

மச்சான் லண்டனிலிருந்து வெளியே வருகிறார் என்றால், அவர் வண்டியின் பதிவுப் புத்தகத்தை, அங்கே வி5சி என்பார்கள், மூலப் பிரதியாகவே கொண்டுவரவேண்டும். பின்னால் யூ.கே. என்ற அடையாளம் இருக்கவேண்டும். 2021 செப்டெம்பர் 28 முதல் பழைய ஜீ.பி. ஸ்டிக்கர் செல்லாது, அதை இன்னும் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, 12 மாதத்துக்குக் குறைவாக வெளியே போகும் வண்டிக்கு அந்தக் காலம் முழுவதும் பிரித்தானிய வீதி வரி கட்டியிருக்கவேண்டும். "வண்டிதான் அங்கே இல்லையே" என்று நிறுத்தினால் திரும்பி வரும்போது தண்டம்.

காப்புறுதிக்கு வருவோம். பச்சை அட்டை என்று ஒன்று 1953 முதல் ஐரோப்பாவில் இருக்கிறது. ஒரு நாட்டில் எடுத்த மூன்றாம் தரப்புக் காப்புறுதியை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று அது. பெயர்தான் பச்சை, 2020 ஜூலை முதல் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சடித்தாலும் செல்லும். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா இவற்றுக்குள் இப்போது அட்டை கட்டாயமில்லை, நம்பர் பிளேட்டே போதும் (பிரித்தானிய வண்டிகளுக்கு 2021 ஓகஸ்ட் 2 முதல் அந்தத் தேவை நீங்கியது). துருக்கி, மொரோக்கோ போன்ற நாடுகளுக்கு அட்டை வேண்டும். சிலருடைய அட்டையில் அந்த நாட்டின் பெயர் குறுக்கே வெட்டப்பட்டிருக்கும், அப்படியென்றால் அங்கே உங்களுக்குக் காப்பு இல்லை என்று அர்த்தம், அதையும் பார்த்துவிட்டுத்தான் புறப்படவேண்டும்.

இங்கேதான் நிறையப்பேர் ஏமாறுகிறார்கள். எல்லை தாண்டினால் கட்டாயம் கூட வருவது மூன்றாம் தரப்பு மட்டுந்தான். அதாவது நீங்கள் இடித்த மற்றவருக்குக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் குறைந்தபட்சமே பெரிய தொகை, காயப்பட்டவர் ஒருவருக்கு 13 லட்சம் யூரோ, அல்லது விபத்து ஒன்றுக்கு மொத்தம் 64.5 லட்சம் யூரோ. ஆனால் உங்கள் வண்டிக்கு, உங்கள் கண்ணாடிக்கு, களவு போனால் அதற்கு? அது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. லண்டன் காப்புறுதி சிலவற்றில் முழுக் காப்பு வெளிநாட்டில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் இருக்கும், சிலவற்றில் எல்லை தாண்டிய உடனே மூன்றாம் தரப்பாகச் சுருங்கிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "ஓம் ஓம், இருக்கு" என்று சொன்னதை வைத்து யாரும் காசு தரமாட்டார்கள், இதை மட்டக்களப்பிலும் பார்த்திருக்கிறேன், பாசலிலும் அதே கதைதான்.

வீதிக் கட்டணங்களையும் மறக்கக்கூடாது. சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறும் எந்த நாட்டு காருக்கும் 40 பிராங்க் வருடாந்தக் கட்டணம். ஒரு நாள் போனாலும் அதேதான், கட்டாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம். தம்பி பாசலுக்கு வரும்போதெல்லாம் இதை வைத்து முணுமுணுப்பான், ஆனால் கட்டிவிடுவான். ஜேர்மனியின் பல நகரங்களுக்குள் நுழைய கண்ணாடியில் பச்சை நிறச் சுற்றாடல் வில்லை வேண்டும், வெளிநாட்டு வண்டிக்கும் அந்த விதிதான். லண்டனில் புகை குறைந்த வலயத்துக்குள் போகும் வெளிநாட்டு வண்டியை முன்கூட்டியே பதிவு செய்துவிடவேண்டும், இல்லாவிட்டால் புது வண்டியாக இருந்தாலும் தண்டக் கடிதம் வீட்டுக்கு வரும்.

தம்பியின் கதை: உறவினர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவது

நம் ஆட்கள் அதிகம் செய்வது இதைத்தான், அதிகம் மாட்டுவதும் இதில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தம்பி பாசலுக்கு ரயிலில் போயிருந்தான். இரவு சாப்பாடு முடிய நேரமாகிவிட்டது, அடுத்த நாள் விடிய வேலை. "என்ர காரைக் கொண்டு போ, மறுகா ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து விடு" என்று அக்கா சாவியைக் கொடுத்தாள். பாசலிலிருந்து ஃபிரைபேர்க் எழுபது கிலோமீட்டர் அளவுதான். எல்லை தாண்டிக் கொஞ்சத் தூரம் போகவில்லை, நிறுத்தினார்கள். கார் சுவிஸ் பதிவு, ஓட்டுபவரின் அடையாள அட்டையில் ஜேர்மன் முகவரி, சொந்தக்காரர் வண்டியில் இல்லை, சுவிஸில் தூங்குகிறாள். குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை, காப்புறுதி சரியாக இருக்கிறது. அப்படியிருந்தும் அது வரி கட்டாத இறக்குமதி என்று எழுதிவிட்டார்கள்.

ஏனென்றால் அந்த ஆறு மாதச் சலுகை வெளியே குடியிருப்பவருக்குத்தான். ஒன்றியத்துக்குள் குடியிருக்கும் ஒருவர் வெளியே பதிவான வண்டியை உள்ளே ஓட்டினால் அது சாதாரணமாக இறக்குமதிதான். விதிவிலக்குகள் சில உண்டு. அதில் நமக்கு வேண்டியது ஒன்று: பதிவுச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டதால் ஓட்டுகிறார், சொந்தக்காரரும் அந்த நேரத்தில் ஒன்றியத்தின் எல்லைக்குள் இருக்கிறார் என்றால் பிரச்சினை இல்லை. அதாவது அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால், அல்லது ஃபிரைபேர்க் வீட்டில் தங்கியிருந்து "போய்ப் பால் வாங்கி வா" என்று அனுப்பியிருந்தால், தம்பி ஓட்டியது சட்டப்படி சரி. அன்று இரவு அக்கா கூட வந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. நான் அதை நினைக்கும் போதெல்லாம் மனம் கனக்கும், ஏனென்றால் பிறகு மாதக்கணக்கில் இருவருக்கும் இடையில் சரியாகப் பேச்சே இல்லை.

எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். காரின் பெறுமதி 20,000 யூரோ என்று வையுங்கள். காருக்கான சாதாரணச் சுங்கத் தீர்வை 10 சதவீதம், அது 2,000. அதையும் சேர்த்த 22,000 யூரோவுக்கு ஜேர்மனியில் 19 சதவீதப் பெறுமதி சேர் வரி, அது 4,180. மொத்தம் 6,180 யூரோ, அதற்குமேல் தண்டம் என்றால் அது வேறு. ஒரு இரவு எழுபது கிலோமீட்டருக்கு.

மறுபக்கமும் சுலபமில்லை. சுவிஸில் குடியிருக்கும் ஒருவர், சுவிஸில் வரி கட்டாத வெளிநாட்டு வண்டியை உள்ளே ஓட்டுவதும் பொதுவாகத் தடைதான். விதிவிலக்கு உண்டு, ஆனால் முன்கூட்டியே சுங்கத்தில் கேட்டு அனுமதி எடுத்துவிடுவதே நல்லது. ஆகவே "தம்பியின் ஜேர்மன் காரை அத்தான் ஒரு கிழமைக்குப் பாசலில் வைத்து ஓட்டட்டும்" என்ற யோசனையை நான் அப்போதே வெட்டிவிட்டேன். லண்டன் மச்சானும் அப்படியே, அங்கே குடியிருப்பவர் வெளிநாட்டு நம்பர் பிளேட் வண்டியை அங்கே பதியாமல் ஓட்டுவதை அவர்கள் ஏற்பதில்லை. அக்கா வண்டியை லண்டனுக்குக் கொண்டுபோனால் அக்காவோ அத்தானோதான் ஓட்டவேண்டும், மச்சான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லட்டும்.

ஒன்றியத்துக்குள்ளேயே, அதாவது ஜேர்மனி வண்டி, பிரான்சில் குடியிருப்பவர் என்றால் சுங்கத் தீர்வை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் பதிவு வரி இருக்கிறது, சில நாடுகளில் அந்நிய நம்பர் பிளேட்டில் உள்ளூர்க்காரர் அடிக்கடி ஓடினால் கேட்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் இரவல் வாங்கினால் வண்டிச் சொந்தக்காரரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வண்டியில் இருக்கட்டும். சுவிஸ் வண்டிக்கும் அந்தக் கடிதம் உதவும், ஆனால் அங்கே கடிதம் மட்டும் போதாது, ஆளும் உள்ளே இருக்கவேண்டும்.

காப்புறுதிப் பக்கம் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சுவிஸ், ஜேர்மனியில் காப்புறுதி பெரும்பாலும் வண்டியோடு ஒட்டியது. யார் ஓட்டினாலும் இடிபட்டவருக்குப் போகும், ஆனால் ஒப்பந்தத்தில் சொல்லாத ஆளோ வயது குறைந்தவரோ ஓட்டியிருந்தால் பிறகு உங்களிடம் மேலதிகப் பணம் கேட்பார்கள். லண்டனில் காப்புறுதி ஆளோடு ஒட்டியது, பெயர் போட்ட ஓட்டுநர்கள் மட்டுந்தான். "என்னுடைய காப்புறுதியில் வேறு கார் ஓட்டலாம் என்று இருக்கு" என்று மச்சான் சொன்னார், அது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை சாதாரணமாக மூன்றாம் தரப்புக்கு மட்டும், அதிலும் பல ஒப்பந்தங்களில் பிரித்தானியாவுக்குள் மட்டும். அதை நம்பி ஜேர்மனியில் தம்பியின் காரை எடுத்தால் அந்தக் காருக்கு ஒரு சதமும் வராது.

விபத்து நடந்தால் ஐரோப்பாவில் ஒரு பொதுப் படிவம் இருக்கிறது, நீல நிறம், இரு ஓட்டுநரும் நின்ற இடத்திலேயே நிரப்பிக் கையெழுத்திடுவது. எந்த மொழியில் இருந்தாலும் கட்டங்களும் இலக்கங்களும் ஒரே இடத்தில் இருக்கும். நடுவில் 17 சின்னக் கட்டங்கள்: நிறுத்தியிருந்தேன், வலப்பக்கம் திரும்பினேன், பின்னால் எடுத்தேன் என்று. இரண்டு பேருடைய பக்கத்திலும் தனித்தனியாகக் குறி போடவேண்டும். அக்காவிடம் தமிழில் அந்த 17ஐயும் எழுதிக் கொடுத்து காரின் கைப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். விளங்காத மொழிப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள், அந்தக் குறியை வைத்துத்தான் யார் பிழை என்று தீர்மானிப்பார்கள்.

வாடகை வண்டி

காசு கூட, தலையிடி குறைவு. வரி, பதிவு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பார்க்கவேண்டியவை: எந்தெந்த நாட்டுக்குள் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, இரண்டாவது ஓட்டுநரின் பெயர் போட்டிருக்கிறதா, சேதம் வந்தால் முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும். பிரித்தானியாவில் எடுத்த வாடகைக் காரை வெளியே கொண்டுபோவதென்றால் வி5சிக்குப் பதிலாக வி.இ.103 என்ற சான்றிதழை நிறுவனத்திடம் வாங்கவேண்டும். 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓட்டினால் மேலதிகக் கட்டணம்.

சுவிஸில் எடுத்த வாடகைக் காரைத் தம்பி ஜேர்மனிக்குள் ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் அதே சுங்க விதி நிற்கிறது, வீடு திரும்புவதற்கு என்று ஒரு குறுகிய விதிவிலக்கு மட்டும் உண்டு. ஆகவே தம்பிக்கு வாடகை என்றால் ஜேர்மன் பக்கத்திலேயே எடுக்கட்டும். ஒரு மணி நேர ரயில் பயணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வேலையைக் கெடுக்கவேண்டாம்.

என் தீர்ப்பு இதில் தெளிவு. இரண்டு கிழமைக்குள், ஒரு குடும்பம், தங்கள் பெயரில் ஓரளவு புது வண்டி இருந்தால் சொந்தக் கார். பல நாட்டு ஆட்கள் மாறி மாறி ஓட்டப்போகிறார்கள் என்றால் வாடகை, அதுவும் ஒன்றியத்துக்குள் எடுத்தது. இரவல் வண்டி, சொந்தக்காரர் கூடவே இருந்தால் மட்டும்.

அங்கேயே பதிவு செய்வது

குடிபெயர்கிறவர்களுக்கு மட்டுமே இது. பிரான்சுக்குக் குடிபோனால் ஒரு மாதத்துக்குள் அங்கே பதியவேண்டும், பிரித்தானியாவுக்கு வண்டியை நிரந்தரமாகக் கொண்டுபோனால் வந்து 14 நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். சுவிஸுக்குள் கொண்டுவந்தால் 4 சதவீத வாகன வரியும் 8.1 சதவீதப் பெறுமதி சேர் வரியும். ஆனால் வீட்டுச் சாமான்களோடு வருகிற பழகிய வண்டிக்கு வரிவிலக்கு இருக்கிறது: ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் பொதுவாக, ஆறு மாதமாவது உங்கள் பாவனையில் இருந்திருக்கவேண்டும், ஒரு வருடமாவது நீங்கள் வெளியே குடியிருந்திருக்கவேண்டும், கொண்டுவந்த பிறகு ஒரு வருடம் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குடிபோய் மூன்றாம் மாதம் மச்சானுக்கு வண்டியைக் கொடுத்தால் விலக்கே போய்விடும்.

கட்டாரிலிருந்து மக்காவுக்கு

காத்தான்குடிச் சிநேகிதர் ஒருவர் டோஹாவில் பத்து வருடமாக இருக்கிறார். போன வருடம் குடும்பத்தோடு சொந்தக் காரில் உம்றாவுக்குப் போய் வந்தார். அபூ சம்ரா, சல்வா எல்லை வழியாக 1,400 கிலோமீட்டர் அளவில். வளைகுடாவில் ஐரோப்பா மாதிரி நம்பர் பிளேட்டே காப்புறுதிக்குச் சாட்சி என்று இருந்துவிடமுடியாது. அரபு நாடுகளுக்கு இடையில் 1975 துனிஸ் உடன்படிக்கையின்படி ஆரஞ்சு அட்டை என்று ஒன்று உண்டு, அமீரகத்திலிருந்து ஓமானுக்குப் போகிறவர்கள் அதைக் கொண்டுபோவார்கள், சில காப்புறுதிகளில் ஓமான் சேர்ந்தே வரும். சவூதிக்குள் போவதென்றால் எல்லையிலோ இணையத்திலோ தனியாகச் சவூதிக் காப்புறுதி வாங்கிவிடவேண்டும். அந்த மூன்றாம் தரப்புக்குள் உங்கள் வண்டியின் சேதம் அடங்காது.

அங்கே வரிக் கேள்வியை விடப் பெரியது அனுமதிக் கேள்வி. இஸ்திமாரா, அதாவது வண்டிப் பதிவு அட்டை, யார் பெயரில்? வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் ஆட்சேபனையின்மைக் கடிதம், கம்பனி வண்டியென்றால் கம்பனியின் கடிதம். சவூதியில் பதிந்த வண்டியைச் சொந்தக்காரர் அல்லாத இன்னொருவர் வெளியே எடுப்பதென்றால் சொந்தக்காரர் அப்ஷர் என்ற சவூதி அரசின் இணையச் சேவை மூலமாக அனுமதி கொடுத்திருக்கவேண்டும். சிநேகிதர் சொன்னது: "மச்சான், பிள்ளைகள் பின்னால நித்திரை, எனக்கு முன்னால நின்ற காருக்குக் கடிதம் இல்லாம திருப்பி அனுப்பிட்டாங்க, நான் என்ர கடதாசி எல்லாத்தையும் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தன்." அவர் உறையில் போட்டு வைத்திருந்த தாள்கள் ஐந்து: இஸ்திமாரா, வங்கிக் கடிதம், சவூதிக் காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், விசா. அவ்வளவுந்தான், ஆனால் ஒன்று குறைந்தாலும் 1,400 கிலோமீட்டர் கனவு அங்கேயே நின்றுவிடும்.

அத்தானின் ஆசை: காரை மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது

முடியாது என்று சொல்லவில்லை. கார்னே என்ற சுங்கக் கடவுப்புத்தகம் ஒன்று இருக்கிறது. உங்கள் நாட்டு வாகனச் சங்கம் பிணை வாங்கிக்கொண்டு தரும், ஒரு வருடம் செல்லும், அதைக் காட்டினால் இலங்கைச் சுங்கம் இறக்குமதி வரி வாங்காமல் தற்காலிகமாக உள்ளே விடும். நம் நாட்டில் அதற்குப் பொறுப்பு இலங்கை மோட்டார் வாகனச் சங்கம். வண்டி திரும்பிப் போகவில்லை என்றால், திரும்பிப்போன முத்திரை புத்தகத்தில் இல்லை என்றால், பிணையிலிருந்து வரி போய்விடும்.

ஆனால் காங்கேசன்துறை, நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கினாலும் அது ஆட்களுக்குத்தான், காருக்கு அல்ல. கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலனில் ஏற்றித்தான் வரவேண்டும். அதற்குப் பிறகு இங்கே ஓட இலங்கைக் காப்புறுதி தனியாக எடுக்கவேண்டும், நம் நாடு பச்சை அட்டைக்குள் இல்லை. சுவிஸ் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம், வெலிக்கந்தைப் பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று முந்திப் பார்க்க, எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். இதை நான் அத்தானிடம் வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை, அந்த வீதியில் இரவில் யானையும் நிற்கும்.

"அப்ப நிரந்தரமா இறக்குவம்" என்றார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மை. ஆனால் காருக்கு உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியோடுதான் திறந்தது, அத்தானின் கார் ஏழு வருடம். சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே இங்கே வந்தால் மிச்சம் இருப்பது இரண்டு வழி: உறவினரின் வண்டி, அல்லது வாடகை.

உறவினரின் வண்டி என்றால் இங்கே வரிப் பிரச்சினை கிடையாது, வண்டி இலங்கைப் பதிவு. பிரச்சினை அனுமதிப்பத்திரத்தில். சுவிஸ் அனுமதிப்பத்திரத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டமுடியாது, இலங்கையின் தற்காலிக அனுமதி வேண்டும். முன்பு கொழும்புக்கோ வேரஹெரவுக்கோ அலையவேண்டியிருந்தது, 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கென்று ஒரு கருமபீடம் திறந்திருக்கிறார்கள். அதை எடுக்காமல் ஓட்டி விபத்து வந்தால் "செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லை" என்ற ஒரே வரியில் காப்புறுதி நிறுவனம் கை விரித்துவிடும். அறுகம்பைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்: ஐரோப்பாவில் கார் ஓட்ட அனுமதி இருப்பவருக்கு ஸ்கூட்டர் ஓட்ட அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஓட்டோவுக்கு இங்கே தனி வகுப்பு. பொத்துவில் பக்கம் வாடகை ஸ்கூட்டரில் விழுந்து முழங்கால் கிழிந்து, காப்புறுதியும் இல்லாமல், பெற்றோருக்குப் போன் போட்டு அழுத ஒரு பிள்ளையை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

வாடகை என்றால் ஒரே ஒரு கேள்வி, அதைக் கேட்க யாரும் வெட்கப்படவேண்டாம். வண்டியின் காப்புறுதி தனிப்பட்ட பாவனைக்கா, ஹயரிங்குக்கா? நம் ஊரில் எத்தனையோ வான்கள் தனிப்பட்ட காப்புறுதியை வைத்துக்கொண்டு காசுக்கு ஓடுகின்றன. கட்டணம் குறைவு என்பதால் அப்படி எடுக்கிறார்கள். விபத்து நடந்து, காசு வாங்கி ஏற்றியது தெரிந்தால் நட்டஈட்டை மறுத்துவிடுவார்கள். அந்தக் கோபத்தோடு என் கடைக்கு வந்து மேசையில் கடிதத்தை அறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் எடுத்துக் கொடுத்த காப்புறுதி இல்லைதான், ஆனாலும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுவது எனக்குச் சுலபமான வேலையாக இருந்ததில்லை.

கட்டுநாயக்கவிலிருந்து வீடு வரை முந்நூறு கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் இருந்து வந்தவர் அன்றே ஸ்டியரிங் பிடிப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன், எந்த நாட்டு அனுமதிப்பத்திரம் இருந்தாலும் சரி.

கடைசியில் கோடைக்குத் திட்டம் இப்படி நிற்கிறது. அக்கா தன் காரைத் தானே ஓட்டுவாள், தம்பி அவள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மாறி ஓட்டுவான். மச்சான் குடும்பம் ஜேர்மனி வரை விமானத்தில் வந்து அங்கேயே வாடகைக்கு எடுக்கும், தம்பி மனைவியின் பெயரும் இரண்டாவது ஓட்டுநராக இருக்கும். அக்கா காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டாள், பதில் வந்தால் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு அடுத்த முறை வரும்போது அரசடிச் சந்தியில் வான் வைத்திருக்கிற பெடியனைப் பேசிவிட்டேன். ஹயரிங் காப்புறுதியா என்று கேட்டேன். வானின் கதவைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த அட்டையை உருவிக் காட்டினான். ஹயரிங்தான், மார்ச் வரை இருக்கிறது.